மரபியல் துறையில் உதவிப் பேராசிரியர் பணி: கேள்வி பதில்

மரபியல் துறைகளுக்கான தேர்வுக் குழுக்களில் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநராகச் சில முறை அமர்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, இந்தப் பணிக்கு விண்ணப்பிக்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: விலங்கியலில் முதுகலை, மனித மரபியலில் முனைவர் பட்டம். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேறவில்லை. விண்ணப்பிக்கலாமா?

பதில்: விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 அல்லது 2016ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நெட் தேர்விலிருந்து விலக்கு அளிக்கின்றன. உங்களுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் வேறு. ஆய்வேட்டின் தலைப்பில் மரபியல் இருந்தாலும் பட்டச் சான்றிதழில் ‘விலங்கியல்’ என்றே அச்சாகியிருக்கலாம்; விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவர் கண்ணில் படுவது சான்றிதழ்தான். தொடர்புடைய பாடங்கள் எவையென விளம்பரம் சொல்லும் வரியை முதலில் படியுங்கள். ஐயம் இருந்தால், உங்கள் பட்டம் கேட்கப்பட்ட பாடத்துக்கு இணையானது என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றையும் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் 14 கட்டுரைகள் உள்ளன. ஆறே கட்டுரை எழுதியவர் தேர்வானார். இது முறையா?

பதில்: விதிப்படி முறைதான். விண்ணப்பதாரர்களுக்கான மதிப்பெண் பட்டியலில் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண் என்றாலும் உச்சவரம்பு 10 என்பதால், ஆறாவது கட்டுரையிலிருந்து உங்களுக்கு மதிப்பெண் எதுவும் சேராது. அந்தப் பட்டியலும் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே பயன்படும். தேர்வு முழுக்க நேர்காணலைப் பொறுத்தது. அரை மணி நேரப் பேச்சில் ஒருவருடைய முப்பதாண்டுப் பணியை முடிவுசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நேர்காணலில் என்ன கேட்பீர்கள்?

பதில்: நான் பெரும்பாலும் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, மூன்று மரபணுக்களைக் கொண்ட சோதனைக் கலப்பு (ஒடுங்கு பண்புகளை மட்டுமே கொண்ட உயிரியோடு செய்யும் கலப்பு) ஒன்றில் கிடைத்த எட்டு வகைச் சந்ததிகளின் எண்ணிக்கையைத் தந்து, நடுவில் இருக்கும் மரபணு எது என்று கேட்பேன். மிகக் குறைவாக வந்த இரு வகைகளே இரட்டைக் குறுக்கேற்றத்தால், அதாவது குரோமோசோம்கள் இரண்டு இடங்களில் துண்டு மாற்றிக்கொண்டதால், உண்டானவை. அவற்றைப் பெற்றோர் வகைகளோடு ஒப்பிட்டால் இடம் மாறியிருப்பது நடு மரபணு. மரபணுத் தொகுதித் தரவைப் பற்றி மழையாகப் பொழிந்தவர்கள் இந்தப் பலகையின் முன் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். இளங்கலை மாணவருக்கு இதைத்தானே முதலில் கற்பிக்க வேண்டும்!

அடுத்து, கருவி எதுவும் வந்து சேராத முதல் இரண்டு ஆண்டுகளில் என்ன ஆய்வு செய்வீர்கள் என்று கேட்பேன். ஒருவர், ரவை, வெல்லம், அகர், சிறிது புரோப்பியோனிக் அமிலம் ஆகியவற்றைக் காய்ச்சிப் பழ ஈக்களை வளர்ப்பதாகவும், 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ பத்து நாளில் ஒரு தலைமுறை கிடைக்கும் என்பதால் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களையும் அதிலேயே நடத்திவிடலாம் என்றும் விளக்கினார். அவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் போட்டேன்.

கேள்வி: அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் (சி.எஸ்.ஐ.ஆர்.) நெட் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போதுமா?

பதில்: அங்கு வழி வேறு. வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் நெட் தேர்வில் ‘மரபியல் மற்றும் பயிர் இனப்பெருக்கம்’ தனிப் பாடமாகவே உள்ளது, அதைப் பாருங்கள்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்குப் பின் வெளிநாட்டில் மூன்றாண்டு முதுமுனைவர் ஆய்வு செய்தது கணக்கில் வருமா?

பதில்: வரும், ஆண்டுக்கு 2 மதிப்பெண், உச்சவரம்பு 10. ஆய்வகத் தலைவரின் பாராட்டுக் கடிதம் மட்டும் உதவாது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் குறிப்பிட்ட சான்றை அங்கிருந்து கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.