நிலத்தை விற்காதீர்கள், நர்சிங்கில் சேருங்கள்

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா மகளோடு படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தார். இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்க ஒன்றரை ஏக்கருக்கு அட்வான்ஸும் வாங்கிவிட்டார். பெண் கேட்பதோ பி.எஸ்சி. நர்சிங். "சொந்தக்காரங்க சிரிப்பாங்க சார்" என்றார். கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தவன், நிலம் என்றதும் நிறுத்திவிட்டேன்.

ஐயா, சிரிக்கிற சொந்தக்காரர் யாரும் வட்டி கட்ட வரமாட்டார். அங்கே படித்து முடித்தாலும் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் தேறாமல் டாக்டராகப் பதிய முடியாது.

ஏன் நர்சிங் என்று அவளைக் கேட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த காலையில், ஓடு விழுந்து மண்டை உடைந்த பாட்டியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருக்கிறாள். "ஒரு நர்ஸ் அக்கா, கத்துறவங்களை விட்டுட்டு சத்தமே இல்லாம கிடந்தவர்கிட்ட முதல்ல போனாங்க. ஏன்னு அன்னைக்குப் புரியல."

அதுதான் ட்ரையாஜ், யாரை முதலில் பார்ப்பது என்று தரம்பிரிப்பது. கத்துகிறவருக்கு மூச்சாவது ஓடுகிறது, இல்லையா? ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்து இறங்கினால், 'நடக்க முடிஞ்சவங்க இந்தப் பக்கம் வாங்க' என்பதுதான் முதல் குரல். அவர்களுக்குப் பச்சை அட்டை. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாமல் இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் ரத்தம் திரும்புகிறதா, சொன்னதைச் செய்கிறாரா? ஒன்றில் தவறினாலும் சிவப்பு, உடனே பார்க்க வேண்டியவர்; மூன்றும் சரியென்றால் மஞ்சள், சற்றுக் காத்திருக்கலாம். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராவிட்டால் கறுப்பு, இனிப் பிழைக்க வழியில்லை என்று அர்த்தம். அந்தக் கறுப்பைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்வது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. இதைச் சொன்னபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் திருப்பவில்லை.

நான்கு வருட பி.எஸ்சி., நர்ஸாகப் பதிவு, ஓராண்டு வேலை. அப்புறம் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கும் அவசர, பேரிடர் நர்சிங் டிப்ளமோ, ஓராண்டு. நர்சிங் படித்தவர்களிலேயே பலர் இதைக் கேள்விப்பட்டதில்லை. கல்லூரிக்காரர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், கவுன்சில் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

சுகமான வேலை என்று சொல்லமாட்டேன். இரவுப் பணி உண்டு. அரசில் எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகச் சேர்ந்தாலும் முதலில் தொகுப்பூதியம்தான், நிரந்தரமாக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவளுக்கு அது தெரிந்தே இருக்கிறது. பக்கத்துத் தெரு அக்காவிடம் கேட்டு வந்திருக்கிறாள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாங்கிய அட்வான்ஸை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள்.