பேட்டி நிறைய வருகிறது, புகார் குறையவில்லை

கேள்வி: மின்சார கெட்டில் தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலைக்கு ஒருவரை எடுத்து ஆறு மாதம் ஆகிறது. என் படமும் பேட்டியும் நிறைய வருகின்றன. வாடிக்கையாளர் புகார் மட்டும் அப்படியே இருக்கிறது. இவர் செய்வது பி.ஆர். தானா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அவர் செய்வது தனிநபர் விளம்பரம். நன்றாகவே செய்கிறார். ஆனால் உங்களுக்குத் தேவைப்பட்டது வேறு வேலை.

தனிநபர் விளம்பரத்தில் பேச்சு ஒரு பக்கமாகவே போகும். பெயர் எத்தனை இடத்தில் வந்தது என்பதுதான் கணக்கு. எழுத்தாளர், பாடகர் போலப் பெயரை வைத்தே பிழைப்பவர்களுக்கு அது அவசியம். அதில் தப்பே இல்லை. மக்கள் தொடர்பு காது கொடுத்துக் கேட்பதில் தொடங்குகிறது. வாடிக்கையாளரும் ஊழியரும் சரக்கு தருபவரும் நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்து வந்து, கசப்பாக இருந்தாலும் முதலாளியிடம் சொல்ல வேண்டும். முதலாளியும் அதைக் கேட்டு எதையாவது மாற்ற வேண்டும். மாறாவிட்டால் எவ்வளவு எழுதினாலும் அது பி.ஆர். ஆகாது என்பேன்.

1982இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி நிவாரண மருந்தில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன், அந்த மருந்தைச் சாப்பிட வேண்டாம் என்று தானே எச்சரித்தது, சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அப்புறம், இடையில் யாராவது திறந்திருந்தால் தெரிந்துவிடும்படி அடைத்த புட்டிகளில் மறுபடி விற்றது. நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் பர்க்கும் தொலைக்காட்சியில் வந்தார்தான். ஆனால் அவர் பேசியது மருந்தைப் பற்றி, மக்களின் பாதுகாப்பைப் பற்றி. முதலாளி முகம் காட்டுவது தவறில்லை. எதற்காகக் காட்டுகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரு தொகுதி கெட்டில்களில் கைப்பிடி கழன்று வருகிறது என்று வைத்துக்கொண்டு, பத்திரிகைக் குறிப்பு ஒன்று எழுதட்டும். “தரத்தில் சமரசமே செய்யாத எங்கள் நிறுவனர்” என்று அது தொடங்கினால் விஷயம் புரிந்துவிடும். “இந்த எண் போட்ட கெட்டிலைப் பயன்படுத்த வேண்டாம், வாங்கிய கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம்” என்று தொடங்கினால் அவருக்கு வேலை தெரியும். எழுத உட்காரும் முன்பே “எத்தனை பேர் புகார் சொன்னார்கள்? மாற்றித் தருவீர்களா, பணத்தைத் திருப்பித் தருவீர்களா?” என்று உங்களைக் குடைந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்டவரை விட்டுவிடாதீர்கள்.

சரி, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். வருகிற புகார்களை இதுவரை அவர் கண்ணில் காட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் குறையை அவர் தலையில் மட்டும் போட முடியாது. வாரம் ஒருமுறை புகார்கள் எல்லாம் அவர் கைக்குப் போகட்டும். தயாரிப்புக் கூட்டத்திலும் அவரை உட்கார வையுங்கள். இரண்டு மாதம் கழித்தும் அவர் உங்கள் அடுத்த பேட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், வேறு ஆளைத் தேடுங்கள்.