17 வயது மகனுக்கு ஃபைசர் கொரோனா தடுப்பூசியின் இரண்டாம் தவணை: இதயத்தசை அழற்சி பயம்

முதல் தவணை பிரச்சினையின்றி முடிந்தது, 21ஆம் நாள் இரண்டாவதைப் போடலாமா, கொரோனா தொற்று வந்தாலும் இதே இதயத்தசை அழற்சி வருமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் ஆதாரமற்றதல்ல. அமெரிக்கப் பதிவுகளில் 16-17 வயது ஆண்களிடம் ஃபைசர் இரண்டாம் தவணைக்குப் பின் 10 லட்சம் தவணைக்குச் சுமார் 106 பேருக்கு இது வந்தது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் தொற்றில்தான் ஆபத்து அதிகம். ஆனால் அந்தச் சராசரியை உங்கள் மகனுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். இளம் ஆண்களிடம் இரு ஆபத்துகளுக்கும் உள்ள வித்தியாசம் குறுகுகிறது, மாடர்னா என்ற இன்னொரு கொரோனா தடுப்பூசியின் இரண்டாம் தவணையில் தலைகீழாகவும் மாறியிருக்கிறது. இன்னொரு சிக்கல்: பரிசோதனை செய்யாத லேசான தொற்றுகள் கணக்கில் வராததால் தொற்றால் அழற்சி வரும் விகிதம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். தடுப்பூசிக்குப் பிறகு வருவது பெரும்பாலும் சில நாள் சிகிச்சையில் தணிகிறது என்பதையும் எடைபோடுங்கள்.

நானாக இருந்தால் 21 நாளில் போட மாட்டேன். முதல் தவணையிலிருந்து 8 வாரம் கழித்துப் போட்டால் ஆபத்து குறைகிறது, எதிர்ப்பாற்றலும் நன்றாக உருவாகிறது. அவனுக்கு நோயெதிர்ப்புக் குறைபாடு இருந்தால் மட்டும் தாமதத்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊசிக்குப் பின் முதல் வாரம், குறிப்பாக 2 முதல் 4 நாள், கவனியுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு வந்தால் உடனே மருத்துவமனை. ஈசிஜியோடு ட்ரோபோனினும் (இதயத்தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள், ஈசிஜி மட்டும் இயல்பாக இருந்து ஏமாற்றலாம். அழற்சி உறுதியானால் 3 முதல் 6 மாதம் ஓட்டம், பளுதூக்கல் கூடாது. வலி போனதும் மைதானத்துக்கு ஓடுவதுதான் ஆபத்து, ஆறாத தசையில் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்.