காவலர் தேர்வின் 1500 மீட்டர் ஓட்டத்துக்காகத் தினமும் 5 கிலோமீட்டர் ஓடிப் பழகுகிறேன், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது. தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

இரண்டு வாரம் நிறுத்துங்கள் தம்பி. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது என்கிறீர்கள், நேரம் போதும்.

நானும் இதே 1500 மீட்டருக்காக விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடியவன். மூன்றாவது வாரமே வலி வந்தது. தைலம் தேய்த்து, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். கடைசியில் ஒன்றரை மாதம் ஓடவே முடியவில்லை. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பு மெதுவாகத்தான் பழகும். ஓட்டம் தெரியாத கால்களைத் திடீரென்று தினமும் 5 கிலோமீட்டர் ஓடவிட்டால் வருவதுதான் ஷின் ஸ்பிளின்ட் என்னும் இந்த எலும்பு வலி.

முதலில் ஒன்றைப் பாருங்கள். உட்கார்ந்து, எலும்பின் உள்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்தான். காசு அளவு ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் கீறல் இருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலும் போகலாம். அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று மறுபடி ஓடிவிட வேண்டாம்.

ஐஸைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் வலி அடங்கும், அவ்வளவுதான். உண்மையில் உதவுவது கெண்டைக்கால் பலம். படி விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய நின்று, குதிகாலை உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். 15 தடவை, மூன்று முறை. பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அதையே செய்யுங்கள், உள்தசைக்கும் வேலை கிடைக்கும். வலித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மூச்சு விட்டுப்போகாமல் இருக்க, வலிக்காத அளவுக்கு சைக்கிள் மிதிக்கலாம்.

வேகமாக நடந்தாலும் ஒற்றைக்காலில் குதித்தாலும் வலி இல்லையா? சரி, அப்புறம் மண் கிரவுண்டில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். எட்டி எட்டிக் கால் வைக்காமல், சின்ன அடியாக, கொஞ்சம் வேகவேகமாக வையுங்கள். எலும்பில் விழும் அடி குறையும். அடிப்பாகம் தேய்ந்த ஷூவை மாற்றிவிடுங்கள். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. அதற்குத் தினமும் 5 கிலோமீட்டர் தேவையே இல்லை, வாரத்துக்கு மூன்று நாள் ஒழுங்காக ஓடினால் போதும்.

ஓடிய மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி வலித்தால், அடுத்த ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.