ஸ்பானிஷ் இலக்கணத்தைத் தமிழ் வழியாகப் பிடிப்போம்

கேள்வி: அக்கா, ‘நான்’ என்றால் ‘யோ’ என்று படித்தேன். பேச்சில் யாரும் அதைச் சொல்லவே காணோமே?

பதில்: ‘சாப்பிட்டேன்’ என்றால் யார் சாப்பிட்டது என்று நாம் கேட்பதில்லை, ‘ஏன்’ விகுதியே சொல்லிவிடுகிறது. அங்கேயும் அதே கதைதான். ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), அப்லாமோஸ் (பேசுகிறோம்). ‘நான்தான் பேசுகிறேன்’ என்று அழுத்தும்போது மட்டும் ‘யோ’ போடுங்கள்.

கேள்வி: அந்த ‘அப்லாமோஸ்’ நாமா, நாங்களா?

பதில்: இரண்டும்தான். அந்த வேறுபாடு ஸ்பானிஷில் கிடையாது.

கேள்வி: மரியாதைக்கு ‘நீங்கள்’ உண்டா?

பதில்: உண்டு. ‘தூ’ நீ, ‘உஸ்தேத்’ நீங்கள். ஆனால் உஸ்தேத்துக்கு ‘அவர்’ என்பதற்கான வினை வரும்: உஸ்தேத் ஆப்லா. ‘தங்கள் அருள்’ என்பதுபோன்ற பழைய மரியாதை விளியான ‘புவெஸ்த்ரா மெர்சேத்’ தேய்ந்து வந்த சொல் அது. அதனால்தான் படர்க்கை வினை. அர்ஜென்டினா போனால் ‘தூ’வுக்குப் பதில் ‘போஸ்’ கேட்பீர்கள்.

கேள்வி: ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதற்கு ‘யோ குஸ்தோ’ என்று எழுதினேன். ஆசிரியர் தவறென்று கோடு போட்டுவிட்டார்.

பதில்: ஆங்கிலத்தில் யோசித்ததால் வந்த தவறு. தமிழில் யோசியுங்கள்: எனக்கு = மே, பிடிக்கும் = குஸ்தா. மே குஸ்தா எல் கஃபே! காபிதான் எழுவாய். பிடித்தவை பலவானால் ‘குஸ்தான்’: மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ், எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும். எனக்கு இந்த மொழிமீது ஆசை வந்ததே இந்த வாக்கியத்தில்தான். ஆனால் ‘எனக்குப் பசிக்கிறது’ இதே வழியில் வராது. ‘தெங்கோ ஆம்ப்ரே’, அதாவது பசி என்னிடம் இருக்கிறது.

கேள்வி: ‘பேயோ ஆ மரியா’ (மரியாவைப் பார்க்கிறேன்) என்பதில் அந்த ‘ஆ’ எதற்கு?

பதில்: நம் ‘ஐ’ உருபு மாதிரி. ‘வீடு பார்த்தேன்’ என்போம். ‘மரியா பார்த்தேன்’ என்போமா? ‘மரியாவைப் பார்த்தேன்’ என்றுதானே? ஸ்பானிஷும் குறிப்பிட்ட ஆளைச் செயப்படுபொருளாகச் சொல்லும்போது ‘ஆ’ கேட்கும். பொருளுக்குப் பொதுவாக வேண்டாம்: பேயோ லா காசா (வீடு பார்க்கிறேன்).

கேள்வி: மேசை எப்படிப் பெண்பால் ஆகும்?

பதில்: இங்கே தமிழ் கைகொடுக்காது, நமக்கு அது அஃறிணை, அவர்களுக்கு ‘லா மேசா’. பெயரடையும் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வந்து அதோடு சேர்ந்து மாறும்: லிப்ரோ ரோஹோ (சிவப்புப் புத்தகம்), மேசா ரோஹா, மேசாஸ் ரோஹாஸ். பச்சையைக் குறிக்கும் ‘பெர்தே’ இரு பாலுக்கும் ஒன்றே. ‘ஓ’வில் முடிந்தால் ஆண், ‘ஆ’வில் முடிந்தால் பெண் என்ற கணக்கை முழுதாக நம்பாதீர்கள்: ‘எல் ப்ரோப்ளேமா’ ஆண்பால், கையைக் குறிக்கும் ‘லா மானோ’ பெண்பால். எந்தப் பெயரையும் அதன் முன் வரும் ‘எல்’ (ஆண்பால்), ‘லா’ (பெண்பால்) சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.