வீட்டிலிருந்து பொடி, ஊறுகாய் விற்பனை: பதிவு எளிது, லேபிளில்தான் வேலை

கேள்வி: வீட்டிலேயே இட்லிப் பொடி, பூண்டு ஊறுகாய், முறுக்கு செய்து வாட்ஸ்அப் மூலம் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். மாதம் முப்பதாயிரம் ரூபாய்க்குள்தான் வியாபாரம். இப்போது ஒரு மளிகைக்கடைக்காரர் வாங்கி வைக்கத் தயார், ஆனால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம்) நம்பர் கேட்கிறார். பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வருகிறது. இவ்வளவு சின்ன வியாபாரத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை என்கிறார் உறவினர். வாங்கித் தர ஓர் ஏஜென்ட் நாலாயிரம் கேட்கிறார். என்ன செய்வது? (வாசகி, காரைக்குடி)

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி சரி. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு சிறு தயாரிப்பாளர்களுக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் அவர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும், உணவு தயாரித்து விற்றால் சட்டத்தின் கண்ணில் அது உணவுத் தொழில்தான். வாட்ஸ்அப் விற்பனைக்கும் இது பொருந்தும். பதற வேண்டாம், இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

2011-இல் வந்த விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள், உற்பத்தித் திறன் நாளுக்கு 100 கிலோவுக்குள் இருப்பவரைச் சிறு தயாரிப்பாளர் என்றன. நீங்கள் அதற்குள் தாராளமாக அடங்குகிறீர்கள். ஃபோஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் படிவம் ‘ஏ’ நிரப்பி, புகைப்படமும் அடையாளச் சான்றும் ஏற்ற வேண்டும். அடையாள அட்டையில் வேறு முகவரி இருந்தால் இப்போதைய வீட்டுக்கான சான்றும் வேண்டும். அந்த விதிகளின்படி கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால், பணம் கட்டும் முன் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் போய் நாலாயிரம் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் அலுவலர் பதிவு தரலாம், காரணம் எழுதி மறுக்கலாம், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் தரலாம். ஆய்வு என்றால் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எதுவுமே நடக்காவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியே சொல்கிறது. ஏஜென்ட்டுகள் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

ஆய்வு என்றதும் தனிச் சமையலறை கட்ட வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். நல்ல தண்ணீர், மூடிய குப்பைத்தொட்டி, எலியும் பூச்சியும் அண்டாத சேமிப்பு, சுத்தமான கை, இவைதான் முக்கியம். முறுக்கு சுடுவதால் எண்ணெயில் கூடுதல் கவனம் வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. வீட்டில் அதை அளக்க முடியாது. நிறம் கருத்தாலோ நுரை அடங்காமல் நின்றாலோ அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள். முறுக்கைச் செய்தித்தாளில் பரப்பி எண்ணெய் வடிப்பதும் வேண்டாம், அச்சு மை உணவில் இறங்கும்.

இனி லேபிள். கடைக்குப் போகும் பாக்கெட்டில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. முதல் விஷயம் மொழி. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தமிழில் மட்டும் அச்சடித்தால் செல்லாது. என் கருத்தில் நம் ஊர்க் கடைகளில் மட்டும் விற்கும் பாக்கெட்டுக்குத் தமிழே போதும் என்று இருக்க வேண்டும், ஆனால் விதி இப்போது அப்படி இல்லை.

பொருளின் பெயர், எடையில் அதிகமானது முதலில் வரும்படி சேர்மானப் பட்டியல், நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), சைவம் என்று காட்டும் பச்சை வட்டக் குறி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண், பெயர் முகவரி எல்லாம் வேண்டும். வெறுமனே ‘சமையல் எண்ணெய்’ என்று போடாதீர்கள். கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா என்று சொல்லுங்கள். ஒவ்வாமை வரியில் பலரும் தவறவிடுவது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருக்கும். அதன் டப்பாவைப் பார்த்து, இருந்தால் உங்கள் இட்லிப் பொடி பாக்கெட்டிலும் ‘கோதுமை உள்ளது’ என்று போடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்த ஒரு வரி மிகப் பெரிய உதவி. ‘சர்க்கரை நோய் குணமாகும்’ போன்ற வாசகங்கள் கூடவே கூடாது.

காலாவதித் தேதியை அடுத்த கடை பாக்கெட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஒவ்வொரு ஈடிலும் சில பாக்கெட்டுகளை எடுத்துவைத்து, வாரம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து, ருசித்துப் பாருங்கள். சிக்கு வாடை எப்போது தொடங்குகிறதோ அதற்கு நன்றாக முன்பாகவே தேதியை நிறுத்துங்கள். ஊறுகாய்க்கு மூக்கை நம்ப வேண்டாம், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறையாவது சோதித்துவிடுங்கள்.

அதிகபட்ச சில்லறை விலையும் புகார் சொல்ல ஒரு தொடர்பு எண்ணும் எடையளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. அதில் பொதியிடுபவராகத் தனியாகப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. வீட்டு விவரத்தைப் பாக்கெட்டில் போடப் பெண்கள் தயங்குவது நியாயமே. முகவரியைத் தவிர்க்க முடியாது, ஆனால் போனுக்குத் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெங்களூர். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த விலக்கு கிடையாது. ஒரு பாட்டில் ஊறுகாயானாலும் பதிவு கட்டாயம், அதன் பிறகு விற்பனை இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு அங்கிருந்து ஆர்டர் வரும்வரை பெங்களூரை நிறுத்திவைத்து, மளிகைக்கடைக்கு முதலில் கொடுங்கள்.