நாடகத்துக்கு முந்தின நாள் போட்ட மெயில் எங்கே போனது?

கேள்வி: சென்னையில் சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு 280 பேர் கூகுள் ஃபார்மில் பதிவு செய்தார்கள். முந்தின நாள் எல்லோருக்கும் நினைவூட்டல் மெயில் போட்டும் பலர் வரவில்லை. கேட்டால் "மெயிலே வரலையே" என்கிறார்கள். ஒருவர் மாதம் நாலாயிரம் கொடுத்தால் மெயில் நிச்சயம் இன்பாக்ஸில் விழும் என்கிறார். ஐம்பதாயிரம் நாடக ரசிகர்களின் முகவரியும் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இன்பாக்ஸுக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது. அதை முடிவு செய்வது ஜிமெயில். அந்த ஐம்பதாயிரமும் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒரு புரோக்கர் சாம்பிளாக அனுப்பிய பட்டியலில் சிமென்ட் டீலர் இருந்தார், ஒரு கல்லூரியின் அட்மிஷன் பிரிவு இருந்தது. நாடகம் பார்க்கிற ஆளைத்தான் காணோம். இவர்களுக்கு மெயில் போட்டால் எரிச்சலில் 'ஸ்பாம்' பட்டனை அழுத்துவார்கள். ஆயிரத்துக்கு மூன்று பேர் அழுத்தினாலே கூகுள் கணக்கில் அது அதிகம். அதன்பின் உண்மையில் டிக்கெட் எடுத்தவருக்குப் போகும் மெயிலும் குப்பைக்குத்தான் போகும்.

உங்கள் மெயில் ஏன் சேரவில்லை? 280 பேரையும் பிசிசி-யில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டம்) போட்டு ஒரே மெயிலாகத் தட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜிமெயில் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பட்டியலிலிருந்து பெயரைத் தானே நிரப்பும் மெயில் மெர்ஜ் வசதியை வைத்து ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டுத் தனித்தனியாக அனுப்புங்கள். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரை அனுப்பலாம், உங்களுக்கு அது போதும். பெருவாரி மெயில் அனுப்பும் சேவைக்கு மாறினால் மட்டும் குழுவின் பெயரில் சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியை வைத்து வேறொரு சேவை வழியாக அனுப்புவது, அடுத்தவர் லெட்டர்பேடில் கடிதம் எழுதுவது மாதிரி. டொமைனுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்று இரண்டு அடையாளங்கள் வைக்க வேண்டும்; மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று அவை காட்டும். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் அரை மணியில் முடித்துவிடுவான். இதற்கு மாதச் சந்தா கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

போஸ்டரை மட்டும் படமாக ஒட்டி அனுப்பாதீர்கள். ஒரு மாமி வாசலில் போனை நீட்டி "இதுல ஒண்ணுமே தெரியலையேப்பா" என்றார். படம் திறக்காமல் வெறும் கட்டம்தான் இருந்தது. தலைப்பிலேயே விஷயம் வரட்டும்: "நாளை சனி 6.45, வாணி மகால், தி.நகர்: உங்கள் 2 டிக்கெட்". உள்ளே கதவு திறக்கும் நேரம், பார்க்கிங், தாமதமாக வந்தால் எப்போது உள்ளே விடுவீர்கள், ஒரு போன் நம்பர். இயக்குநரின் முன்னுரை வேண்டாம். முந்தின நாள் காலை ஒன்று, நாடகத்தன்று மதியம் சுருக்கமாக ஒன்று, அவ்வளவே.

எஸ்.எம்.எஸ். அனுப்பலாமே என்பீர்கள். அதற்கு டி.எல்.டி.யில் (மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவோருக்கான தொலைபேசி நிறுவனங்களின் பதிவேடு) குழுவைப் பதிய வேண்டும், அனுப்புநர் பெயரைப் பதிய வேண்டும், வாசகத்தையும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். வாசகத்தின் அமைப்பை மாற்றினால் மறுபடி ஒப்புதல். மோசடிக்காரனைத் தடுக்க வந்த ஏற்பாடு. எனக்கு மட்டும் அவனிடமிருந்து தினம் மூன்று எஸ்.எம்.எஸ். தவறாமல் வருகிறது.

இதெல்லாம் தானே பதிவு செய்தவர்களுக்கு. சபாவில் நாடகம் போட்டால் அதன் மெம்பர்கள் கதை வேறு. அவர்கள் ஃபார்ம் நிரப்புவதில்லை, சந்தா கார்டோடு வந்து உட்காருவார்கள். விவரமெல்லாம் சபா செயலாளரின் நோட்டில் இருக்கும். அதில் மெயில் முகவரி இருந்தாலும் பாதி அமெரிக்காவில் இருக்கும் மகனுடையது; நீங்கள் போடும் நினைவூட்டலை நியூஜெர்சியில் அவன் படிப்பான், மயிலாப்பூரில் அப்பாவுக்குத் தெரியாது. தம்பதியாக வருபவர்களுக்கும் ஒரே நம்பர்தான், அதுவும் பெரும்பாலும் லேண்ட்லைன். நாடகத்தன்று காலை செயலாளரையே உட்கார்த்தி வைத்துப் போன் போடச் சொல்லுங்கள். பதினோரு மணிக்குள் முடித்துவிடட்டும், பிறகு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள்.